நாலு பேர் வாசிக்கும் தேர்தல்

டெல்லி
ஏப்ரல் 2009

அன்புள்ள அம்மாவுக்கு மாரிசெல்வி எழுதுவது. இங்கு நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

நாலு பேர் வாசிக்கும் இசை ஒன்றை எழுதியிருக்கிறேன். போன தேர்தலில் நம் தெரு இருந்த இருப்புதான் அது. இரண்டு வயலினும் அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்றும் கட்சி வேன்களைப் போல ஒன்றின்மேல் ஒன்று கத்தும். நடுவில் செல்லோ என்ற பெரிய வாத்தியம் ஒரே ஒரு முறை அடிக்குரலில் ஒலிக்கும்.

நேற்று ஒத்திகையில் செல்லோக்காரர் கோபித்துக்கொண்டார். "என் சத்தம் யாருக்கும் கேட்கவில்லையே, பிறகு எதற்கு நான்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

நம் ஊரில் பட்டாசுக் கம்பெனி எது வெடித்தாலும் எந்தத் திசை, எந்தக் கம்பெனி என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவீர்கள். போன தேர்தலில் அன்றைக்கு மட்டும், "தலைவரு வந்துட்டாரு போலத்தா, கட்சிக்காரக வெடிதான்" என்றீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெடித்தது பேச்சியம்மா சித்தி வேலை பார்த்த கம்பெனி என்று பொழுது சாய்ந்துதான் தெரிந்தது. சித்தி திரும்பவில்லை.

இப்போதும் வேன்கள் சுற்றும். நீங்களும் பட்டாசு வேலைக்குப் போகிறீர்கள்.

பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள், இங்கே எதிலும் உறைப்பில்லை. வேலை விட்டு வந்ததும் பாண்டி அண்ணன் செல்லிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். எடுக்க மாட்டேன். அடித்தால் போதும்.

ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது. அங்கே போனை அணைத்துவைக்கச் சொல்வார்கள். நான் அணைப்பதில்லை.

உங்கள் மகள்
செல்வி