ஆயுத பூஜைக்கு ஒரு பறக்கும் பல்லி

9 செப்டம்பர் 1987

ஃபேக்டரியின் ஆயுத பூஜை அலங்காரப் போட்டிக்கு எங்கள் மெயின்டனன்ஸ் பிரிவு என்ன செய்யப்போகிறது என்பது முடிவாகிவிட்டது. மேனேஜர் ஓர் ஆங்கிலப் பத்திரிகையை விரித்தார். அதில் ஒரு படம்: டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வன வகைப் பிராணி ஒன்று, கடலை ஒட்டித் தாழப் பறந்து, கீழ் அலகால் தண்ணீரைக் கீறிக்கொண்டே மீனை அள்ளுகிறது. அதைச் செய்து கூரைக்கம்பியில் ஓடவிட வேண்டுமாம். கீழே தொட்டி, அதில் தகர மீன்.

"சிங்கராயா, பரிசு மட்டும் நமக்கு வரட்டும், பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேரை நானே எழுதறேன்" என்றார். நான்கு வருடமாக டெம்பரரி. இதைக் கேட்ட பிறகு கையில் வேலை ஓடவில்லை.

14 செப்டம்பர்

என் மனைவி பவுலினா தான் வேலைபார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்து படித்துச் சொன்னாள். கையின் நாலாவது விரல் மட்டும் குடைக்கம்பி போல நீண்டு இறக்கையைத் தாங்கியதாம். எலும்பெல்லாம் உள்ளே காலி. தரையிலிருந்தே எழும்பியதா, பாறையிலிருந்து குதித்துக் காற்றில் மிதந்ததா என்று படித்தவர்களுக்குள்ளேயே சண்டை.

"யாரும் கண்ணால பாக்கலைங்க. எல்லாம் ஊகந்தான்" என்றாள்.

நாங்களோ கழுத்துக்கு முழு இரும்புக்கம்பி போட்டு வைத்திருக்கிறோம். நாளைக்குக் குழாய்க்கு மாற்ற வேண்டும்.

21 செப்டம்பர்

தண்ணீர் இல்லாமல் அழகாக ஓடியது.

23 செப்டம்பர்

தொட்டியில் தண்ணீர் விட்டோம். அலகு பட்டதும் கழுத்து முறிந்தது.

25 செப்டம்பர்

கழுத்தைக் கெட்டியாக்கினோம். தோள் கழன்றது.

28 செப்டம்பர்

தோளையும் வெல்டர் திம்மப்பன் பற்றவைத்துவிட்டான். இன்றைக்கு எதுவும் முறியவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். ஏணி மேல் இருந்த நான் மட்டும் பார்த்தேன் — தூணில் கம்பியைப் பிடித்திருக்கும் கிளாம்ப் ஒரு விரற்கடை நழுவியது. நழுவியதா? ஆமாம், நழுவியது.

முறிகிற இடத்தை நாங்கள் சரிசெய்யவே இல்லை. இடம் மாற்றிக்கொண்டே போயிருக்கிறோம். கிளாம்பை மூச்சைப் பிடித்து இறுக்கியிருக்கிறேன். தாங்குமா? அடியில்தான் எல்லார் வீட்டுக் குழந்தைகளும் உட்காரும். எங்க பாப்பாவும்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னா என் வேலை என்னாகும்?

29 செப்டம்பர்

அந்தப் பிராணி நிஜமாகவே இப்படித் தின்றிருக்குமா? தண்ணீர் இந்த இழுப்பு இழுக்கிறதென்றால், ஒவ்வொரு மீனுக்கும் அதன் கழுத்து என்ன பாடுபட்டிருக்கும்? நாரை மாதிரி சேற்றில் நின்று கொத்தித் தின்றிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? படம் போட்டவன் போட்டுவிட்டான். மாட்டிக்கொண்டது நான்.

30 செப்டம்பர்

ஃபோர்மேன் ஜெபராஜ் சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நாளைக்குப் பூஜைய வெச்சுக்கிட்டு இப்ப வந்து சொல்றியேப்பா. உன்னைத் தவிர யாராவது பாத்தாங்களா?"

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சுக்கோ. ஓடலன்னா உன் பேரு போச்சு. என்னால காப்பாத்த முடியாது."

"தெரியும் சார். ஆனா நான் ஓட்ட மாட்டேன். வேற ஆளு ஓட்டினா, கீழ ஒருத்தரையும் உட்கார விடமாட்டேன்."

மத்தியானம் பிராணியைக் கம்பியிலிருந்து இறக்கினோம்.

1 அக்டோபர்

இறக்கையை மடித்து, நாலு காலில் ஊன்றி, தட்டிலிருக்கும் தகர மீனைக் கொத்துவதுபோல் தரையில் நிறுத்தினோம். குழந்தைகள் அதன் வாயில் பொரியைத் திணித்தார்கள். பாப்பா முதுகில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றாள்.

"இதென்ன பறக்கும் பல்லியா, சந்தைக்கு வந்த மாடா?" என்று கேட்டுவிட்டு மேனேஜர் நிற்காமல் போனார். பரிசு பெயின்ட் ஷாப் பிரிவுக்கு.

16 நவம்பர்

லிஸ்ட் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. மாதக் கடைசியோடு வர வேண்டாமாம்.

30 நவம்பர்

கடைசி நாள். கூரைக்கம்பியைக் கழற்றச் சொன்னார்கள். கிளாம்பில் ஸ்பேனர் போட்டால் அசையவில்லை. திம்மப்பனும் சேர்ந்து தொங்கிப் பார்த்தான். கடைசியில் சுத்தியலால் அடித்த பிறகுதான் விட்டது.

"எவ்ளோ கெட்டியா புடிச்சிருக்கு பாருண்ணா" என்றான். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, பாவம்.

அப்படியென்றால் அன்றைக்கும் பிடித்திருக்குமா? தெரியாது. இனி யாருக்குமே தெரியாது. வீடு இருக்கும் மூக்கண்டப்பள்ளி வரை நடந்தே வந்தேன். அழுகையாக வந்தது. பவுலினாவிடம் கிளாம்ப் விஷயத்தைச் சொல்லப்போவதில்லை. பாப்பா ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். தூக்கி அணைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"வலிக்குதுப்பா, விடு" என்றாள்.