உப்பு என்று நினைத்த ஏரி

தோணிரேவு,
மாசி மாதம்

அன்புள்ள மூர்த்திக்கும் கஸ்தூரிக்கும் அம்மா எழுதிக்கொள்வது. நானும் நைனாவும் நன்றாக இருக்கிறோம், நைனாவின் தோள்வலி மட்டும் வாடைக்காற்று நின்ற பிறகும் விடவில்லை. நீங்கள் எந்த ஊரில், எவர் வீட்டுக் கூரைக்குக் கீழே இருந்து இதைப் படித்தாலும், காய்ச்சல் தலைவலி இல்லாமல் வயிறு நிறைந்து இருக்க வேண்டும் என்று எல்லையம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். போனில் பேசினால் கேக்குதா கேக்குதா என்பதிலேயே பாதி போய்விடுகிறது, அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், சிக்னல் வரும் இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பே எழுதியிருக்க வேண்டியது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தள்ளிக்கொண்டே போய்விட்டது.

கிர்கிஸ்தானிலிருந்து அனுப்பினீர்களே ஒரு படம், கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை, நடுவில் மூர்த்தி குல்லாய் போட்டுக்கொண்டு கையை விரித்து நிற்பது, அதைப் பற்றித்தான். நைனா அதை வலை தைக்கும் இடத்துக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டினார். வெயில் காலத்தில் நம் ஏரி வடக்கே வற்றி உப்புப் பூத்து இப்படித்தானே கிடக்கும், பார்த்தவர்கள் அத்தனை பேரும் உப்பளம் என்றே சொல்லிவிட்டார்கள். ஊருக்குத் தலைமை நாட்டாரான கோதண்டம் பெரியப்பா, "இன்னா தாமோதரா, உம் புள்ள இங்க வலை இழுக்க மாட்டேன்னு அங்க போயி உப்பு வார்றானா?" என்று கேட்டாராம். நைனாவும் ஆமாம் என்று சிரித்துவிட்டு வந்தார். நானும் அப்படித்தான் நம்பினேன். பொன்னேரிக் கல்லூரியில் வரலாறு படித்ததற்குப் பதில் பூகோளம் படித்திருக்கலாம்.

கஸ்தூரி, ஆரம்பாக்கத்தில் உங்கள் வீட்டில் நெல்தான் என்பதால் உனக்கு இது தெரிந்திருக்காது. நம் ஏரியில் இறால் ஓடும் நல்ல இடத்தில் யாரும் நினைத்தபடி வலை கட்ட முடியாது. பாடு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் முறை வரும். கல்யாணம் ஆனால்தான் ஒருவன் தலைக்கட்டு, தலைக்கட்டுக்குத்தான் முறை. உன் கழுத்தில் தாலி ஏறியதும் பாடு வரிசையில் மூர்த்தி பெயர் ஏறியது. இந்தத் தடவை அவனுக்கு விழ இருந்தது முகத்துவாரத்தை ஒட்டிய பாடு, நைனா வருஷக்கணக்கில் காத்திருந்து ஒருமுறை வலை கட்டிய இடம். பிழைப்புக்காக வெளியே போனவன் பெயர் அப்படியே இருக்கும், அவன் முறைக்கு வீட்டு ஆள் நிற்கலாம், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை செய்யும் பையன்களுக்கெல்லாம் அப்படித்தான். சும்மா போனவன் பெயரை எடுத்துவிடுவார்கள், திரும்பி வந்தால் வரிசையில் கடைசி ஆள். தை மாத ஊர்க்கூட்டத்தில் மூர்த்தி பெயர் வந்தபோது கோதண்டம் பெரியப்பாவே, அவன் உப்பளத்தில் வேலை செய்கிறான், படத்தை நானே பார்த்தேன், பெயர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். நைனா சந்தோஷமாக வலையை எடுத்துச் சரிபார்க்க ஆரம்பித்தார்.

அதற்கப்புறம்தான் கஸ்தூரி, நீ எழுதியது வந்தது. அது ஏரி, மேலே உறைந்த பனி, அடியில் இன்னும் தண்ணீர் இருக்கிறது, குதிரைக்காரர் ஒருவர் முன்னால் போக நாங்கள் பின்னால் நடந்தோம் என்று. எனக்குப் பாடு கூட ஞாபகம் வரவில்லை, தண்ணீருக்கு மேலே நடந்திருக்கிறார்களே என்று கைகால் ஓடவில்லை. நைனா மட்டும் பெரிய பனிக்கட்டி வியாபாரி மாதிரி, அடியில் ஓட்டம் உண்டா என்று கேள், ஓட்டம் இருக்கும் இடத்தில் மேலே மெல்லிசாக இருக்கும் என்றார். பிறகு வலையைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் சொன்னேன், நாமாகப் பொய் சொல்லவில்லையே, அவர்களாக நினைத்துக்கொண்டதுதானே, இந்தப் பாடு முடிகிற வரை பேசாமல் இருங்கள் என்று. அவர் கேட்கவில்லை. "உம் புள்ள வந்து வாயத் தொறந்தான்னா எல்லாம் வெளிய வந்துடும், அப்ப அவன் பேரோட என் பேரையும் சேத்து எடுப்பானுங்க. அவன் இன்னா திருடிட்டா போனான்? பொண்டாட்டியோட ஊர் பாக்கப் போயிருக்கான். அத்த சொல்றதுக்கு எனக்கு இன்னா வெக்கம்?" என்றார்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து அப்படியே சொன்னார், அது உப்பு இல்லை பனிக்கட்டி, பிள்ளை வேலைக்குப் போகவில்லை, இரண்டு பேரும் சம்பாதித்துச் சேர்த்ததில் ஊர் ஊராகப் பார்க்கிறார்கள் என்று. நான் பெண்கள் பக்கம் நின்றிருந்தேன். ஒரே சிரிப்பு. நடக்கத்தான் ஆசை என்றால் ஆரம்பாக்கத்துக்கு நடக்கலாமே, மாமியார் வீட்டில் சோறாவது கிடைக்கும் என்றார் முனியன் மாமா. கோதண்டம் பெரியப்பாவும் சிரித்தார், சிரித்து முடித்துவிட்டுப் பெயரை எடுத்துவிட்டார். அந்தப் பாடு வரிசையில் அடுத்து நின்ற அங்கமுத்து மகன் கோபாலுக்குப் போய்விட்டது, தையில்தான் கல்யாணம் ஆன பையன். அவனுக்கு அங்கே கழி எங்கே நட்டால் நிற்கும் என்று தெரியாது, நைனாவே கூடப் போய்க் காட்டிவிட்டு வந்தார். முதல் நாள் இறாலைக் கோபால் நம் வீட்டுக்குக் கொண்டுவந்தான். வாங்கக்கூடாது என்றுதான் இருந்தேன், வாங்கிக் குழம்பும் வைத்தேன், நைனா இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். மூர்த்தி, இதற்காக நீ வருத்தப்படாதே, அவசரப்பட்டு வண்டியும் ஏறாதே.

ஒல்லாந்தர் கல்லறையைப் பார்க்க முதுகில் மூட்டையோடு வெள்ளைக்காரர்கள் வருவார்களே, இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று நானும் சிரித்தவள்தான். போன வாரம் ஒரு பையனும் பெண்ணும் பஸ்ஸைத் தவறவிட்டு வெயிலில் நின்றார்கள். கூப்பிட்டு மோர் கொடுத்தேன், அந்தப் பெண்ணின் செருப்பு அறுந்திருந்தது, என்னுடையதைப் போட்டு அனுப்பினேன். யார் பெற்ற பிள்ளைகளோ. உங்களுக்கும் அங்கே எவளோ ஒருத்தி வெந்நீர் வைத்துக் கொடுப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அடுத்து தஜிகிஸ்தான் மலைப்பாதை என்று எழுதியிருந்தீர்கள், இருட்டுவதற்குள் எங்காவது தங்கிவிடுங்கள், தெரியாத லாரியில் ஏறினால் இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்காருங்கள். கஸ்தூரி, அவன் பசித்தாலும் சொல்ல மாட்டான், நீதான் கேட்க வேண்டும். மூர்த்தி, அவள் களைத்தால் அவள் பையையும் நீ தூக்கு. எல்லையம்மன் உங்கள் காலுக்கு முன்னால் போகட்டும். கஸ்தூரியின் அம்மாவிடமும் மறக்காமல் பேசுங்கள்.

பாடு இருக்கிறது, அதற்காவது வருவார்கள் என்று இத்தனை நாள் தைரியமாக இருந்தேன். இப்போது நீங்கள் வருவதற்கு இந்த ஊரில் எந்தக் கட்டாயமும் இல்லை. பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டு, நான் கூப்பிட்டேன் என்பதற்காக வாருங்கள்.

உங்கள் அம்மா,
எல்லம்மா