இரண்டு மணி நேர வேலை

இன்று காலை ஏழாம் வகுப்பில் இரும்புக் கம்பியின் ஒரு முனையை மெழுகுவத்தியில் காட்டினேன், அக்கா. கம்பி நெடுக மெழுகால் ஒட்டியிருந்த குண்டூசிகள் தீயின் பக்கமிருந்து ஒவ்வொன்றாக விழுந்தன. உருகிய மெழுகின் வாசம் எழுந்ததும் என் கண் சன்னலுக்குப் போய்விட்டது. சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். டீச்சர் அழுகிறார் என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். நான் கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இதே பாடத்தை நான் முதன்முதலாக நடத்தியபோது அந்தச் சன்னலோரம் நின்று கேட்டீர்கள். எங்கள் பள்ளியில் மதியச் சோறு ஆக்குகிறவர் நீங்கள். கையில் கரண்டி, அதன் பிடியில் பழைய துணிச்சுற்று. "ஏனுங்க டீச்சர், இதுக்கு ஊசியெல்லாம் எதுக்குங்க? இந்தத் துணிய அவுத்துட்டுக் கரண்டியப் புடிச்சுப் பாக்கச் சொல்லுங்க" என்றீர்கள். வகுப்பே சிரித்தது. மறுநாள் நீர்மங்களில் வெப்பம் பரவுவதைச் சொல்ல, பிள்ளைகளை உங்கள் பானையண்டை கூட்டி வந்தேன். கொதிக்கிற நீரில் பருப்பு நடுவே மேலேறி ஓரமாய்க் கீழிறங்குவதை அவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

சூடான காற்றும் அப்படித்தான் மேலே போகும் என்று சொன்னேன். நீங்கள் தலைக்கு மேலிருந்த தகரத்தைக் காட்டினீர்கள்.

"மேல போகுமுங்க சரி. போறதுக்கு ஓட்டை வேணுமல்லங்க?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்தச் சமையல் ஷெட்டில் ஒரு கதவு, இடுப்புயரத்தில் இரண்டு சன்னல். அதற்கு மேல் நாலு புறமும் சுவர், உச்சியில் தகரம். அடுப்புச் சூடெல்லாம் உங்கள் தலையைச் சுற்றியே நின்றது. போதாததற்கு வெயிலில் காய்ந்த தகரம் மேலிருந்து சுட்டது. காய் நறுக்கத் தரையில் உட்கார்ந்துவிடுவீர்கள். கீழேதான் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது என்பீர்கள்.

எங்கள் பள்ளி கேரள எல்லைக்குள் இருப்பதால், கூரையில் துளை போடச் சொல்லி நான் மலையாளத்தில் மனு எழுதினேன். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். ஹெட்மாஸ்டர் அதை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார். கோடை விடுமுறையில் பார்க்கலாம் என்றார். நீங்கள் விடவில்லை. "நீங்க ஒரு வார்த்த சொன்னாக் கேப்பாருங்க" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னீர்கள். இரண்டு தடவையும் அடுத்த வாரம் பேசுகிறேன் என்றேன். என் இடமாற்ற விண்ணப்பம் அப்போது அவர் மேசையில் இருந்தது. அவரைச் சீண்ட எனக்குப் பயம். இதை உங்களிடம் நான் சொல்லவேயில்லை.

அந்த மார்ச் மாதம் காலை பத்து மணிக்கே கிழக்குக் காற்று அனலாக வீசியது. ஒரு நாள் தலை சுற்றுகிறது என்றீர்கள். தண்ணீர் குடித்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்காருங்கள் என்றேன். "சோறு பொங்கற நேரமுங்க. உட்டுட்டு வந்தாக் கொழந்தைங்க எதைத் திங்கும்?" என்று உள்ளே போனீர்கள். நான் வகுப்புக்குப் போனேன். பதினொன்றரைக்கு, நீங்கள் விழுந்துவிட்டீர்கள் என்று ஒரு மாணவி ஓடி வந்தாள். தூக்கும்போது உங்கள் உடம்பு அடுப்புக்கல் போலச் சுட்டது. ஒரு பொட்டு வியர்வை இல்லை. ஜீப்பில் வழி நெடுக ஈரத்துணியால் துடைத்தேன். சித்தூர் ஆஸ்பத்திரியில் சாயங்காலம் உயிர் போனது.

அடக்கத்தன்று உங்கள் வீட்டு வாசலில் வைத்தே ஹெட்மாஸ்டர் என்னிடம் குனிந்து சொன்னார்: "டீச்சரே, ஷெட்டு விசயத்த இங்க எடுக்க வேண்டாம். அவங்களுக்கு முன்னமே பிரஷர் இருந்துச்சு." அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

பத்தாம் நாள் ஒரு வெல்டர் வந்தார். இரண்டு இடத்தில் தகரத்தை வெட்டி, மழை இறங்காதபடி மேலே இடைவெளி விட்டு மூடி பொருத்தினார். பத்து மணிக்கு ஆரம்பித்த வேலை பன்னிரண்டுக்கு முடிந்தது. அடுப்பு எரிய, நான் உள்ளே போய் நின்றேன். என் முகத்தைத் தொட்டுக்கொண்டு சூடு மேலே ஏறி வெளியே போனது. இவ்வளவுதானா? இந்த இரண்டு மணி நேரத்துக்காகவா உங்களைப் புதைத்தோம்? வெளியே வந்து ஹெட்மாஸ்டர் அறைக் கதவைக் கையால் அறைந்தேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு, அக்கா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்திருந்தால், பள்ளி முழுக்கப் பசியில் கூச்சலிட்டிருந்தால், மறுநாளே துளை விழுந்திருக்கும். இப்படிச் சொல்கிறேன். உடனே, சோறு பொங்கினால் போதும் என்று இந்தப் பள்ளியில் இருந்த எல்லாரும் நினைத்தோமே, அதில் நானும் ஒருத்தி என்பது உறைக்கிறது.

பள்ளியில் எழுதிய அறிக்கையில் உடல்நலக் குறைவால் மரணம் என்றிருந்தது. எல்லா ஆசிரியர்களும் கையெழுத்திட்டார்கள். நான் இடவில்லை. மனுவின் நகல் என்னிடம் இருந்தது. அதை உங்கள் மகளிடம் கொடுத்தேன். கோவிந்தாபுரத்தில் துணிக்கடையில் நிற்கிற அவள், லீவு போட்டுவிட்டு ஒவ்வோர் ஆபீசாக ஏறி இறங்கினாள். வரும் திங்கட்கிழமை விசாரணை.

ஷெட்டைப் பற்றிக் கேட்பார்கள், சொல்வேன். மனுவைப் பற்றிக் கேட்பார்கள், சொல்வேன். டீச்சர், உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தும் ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்காமல் விட்டாலும் விடலாம். அதையும் நானே சொல்லப்போகிறேன். உங்கள் மகள் எதிரே உட்கார்ந்திருப்பாள்.