என் பெயரில் வேலாயி அக்கா

3 ஜூலை 2001
இன்றும் வேலை இல்லை. தேயிலை விலை விழுந்ததிலிருந்து ஃபாக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. வாசலில் உட்கார்ந்து, எங்கள் வரிசைவீடுகளின் லயத்துக்குள் மேகம் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீடு கரைந்தது. பிறகு என் கால்கள். நானும் இப்படியே கரைந்துபோனால் யார் தேடுவார்கள்? பக்கத்து வீட்டு வேலாயி அக்கா தேடுவாள்.

6 ஜூலை
எஸ்டேட் ஆஸ்பத்திரியில் குடல் புற்றுநோய்ப் பரிசோதனையாம். ஐம்பது தாண்டியவர்களுக்கு ஆளுக்கொரு டப்பா. மலம் எடுத்து, பெயர் எழுதித் தரவேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தமும் அதில் தெரிந்துவிடும், வலி வருமுன் கண்டுபிடித்தால் குணமாக்கலாம் என்றார் நர்ஸ். அதையா கையில் தூக்கிக்கொண்டு போவது? நினைத்தாலே கூசுகிறது.

7 ஜூலை
தனக்கு ஒரு நோயும் இல்லை என்று சொல்லி, அக்கா தன் டப்பாவில் வெற்றிலைச் சுண்ணாம்பு போட்டு வைத்துவிட்டாள்! என் கூடையில் கொழுந்து எடை குறைந்தால் தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளிப் போடுவாள். இருபது வருடப் பழக்கம். அந்தத் தைரியத்தில், என் டப்பாவுக்கு உன்னுடையதையே கொடுத்துவிடு என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள்.

20 ஜூலை
என் பெயர் எழுதிய டப்பாவில் ரத்தம் இருக்கிறதாம். கோவைக்குப் போய்க் குழாய் விட்டுப் பார்க்கவேண்டுமாம். எனக்கா என்று இரண்டு தரம் கேட்டேன். பிறகுதான் உறைத்தது — அது என்னுடையதில்லை. ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். சீ, நானெல்லாம் என்ன மனுஷி.

21 ஜூலை
அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. லயமே சிரிக்குமே! மத்தியானம் கண்ணயர்ந்தபோது கனவு: மேகத்துக்குள் அக்கா முன்னே நடக்கிறாள், கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை. இவள் போய்விட்டால் எனக்கு யார்?

23 ஜூலை
சொல்லிவிட்டேன். முதலில் நர்ஸிடம், பிறகு அக்காவிடம். நர்ஸ் நன்றாகவே திட்டினார். அக்காவுக்கு ஆறு மாதமாக அவ்வப்போது ரத்தம் படுகிறதாம்; உடம்புச் சூடு என்று மோர் குடித்துக்கொண்டிருந்தாளாம். இந்தக் குளிரில் என்னக்கா சூடு என்றேன்.
"பேசாத புள்ள, பயமா இருக்கு" என்றாள்.

9 ஆகஸ்ட்
கோவை ஆஸ்பத்திரி. புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பம், வெட்டி எடுத்தால் பிழைத்துக்கொள்வாள் என்கிறார் டாக்டர். வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

2 நவம்பர்
அக்கா நன்றாக நடக்கிறாள். மறுபடியும் பரிசோதனை வருகிறது. என்னையும் இழுத்துக்கொண்டு வீடுவீடாகப் போய், ஐம்பது தாண்டியவர்களின் பெயர்களை எழுத வைத்தாள். மேகத்துக்குள் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நான் இன்னும் பரிசோதனை செய்துகொள்ளவில்லை என்பது அவளுக்குத் தெரியும். முதல் பெயரே என்னுடையதுதான். டப்பாவை என் கையில் திணித்தாள்.
"இந்தத் தடவ உன்னோடதா இருக்கணும், ராஜகுமாரி."