கழற்ற முடியாத பொற்பட்டம்

கடல் வளர, கழி வளர, கருங்கழி நாட்டுக் குடி வளர! எல்லை கடந்து வடகரைப் பாசறையில் எழுந்தருளியிருக்கும் வேந்தர், நாலாயிரம் குதிரை உடையார், கோ வல்விரையத் தேவர் திருமுன், தலைநகர்க் காவல் பூண்ட அமைச்சன் இளங்கண்டீரன் அடிவணங்கி விடுக்கும் நான்காம் ஓலை. நாட்டில் மழை உண்டு, ஏரிகள் நிறைந்தன, பெருந்தேவியார் உடல்நலம் உடையார். இளவரசர் நலமாக இல்லை.

பட்டம் கட்டிய தலையைப் பற்றி அமங்கலச் சொல் ஓலையில் ஏறலாகாது என்பது நம் முறை. அம்முறைக்கு அஞ்சியே, முந்தைய மூன்று ஓலைகளிலும் 'இளவரசர் திருமுடி பொன்னை நிறைத்து நிற்கிறது' என்று அமைச்சன் எழுதினான். அதைப் படித்து மகிழ்ந்த தேவரீர் பாசறையெங்கும் சர்க்கரை வழங்கியதாக விடை வந்தது. அரண்மனை மருத்துவர் நக்கன் வேம்பனார் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அழகாக எழுதத் தெரிந்தவனால் வந்த வினை இது.

வேம்பனார் முப்பதாண்டு போர்க்களத்தில் பிளந்த மண்டைகளைக் கட்டியவர். மூளை இரு பாதியாய்ப் பிரிந்து, மடிப்பு மடிப்பாய்ச் சுருண்டு, பிசைந்த மாவைப்போல் மெத்தென்று இருப்பதைக் கண்ணால் கண்டவர். இடப்பாதியில் அடிபட்டவனுக்கு வலக்கை விழும் என்றும், பின்புறச் சிறுமூளையில் பட்டவன் குடியாமலே தள்ளாடுவான் என்றும், பிடரித் தண்டில் பட்டவனுக்கு மூச்சு நிற்கும் என்றும் அவர் அறிவார். பச்சிளம் பிள்ளைக்கோ மண்டை ஒரே ஓடு அன்றாம். ஓடுகள் தனித்தனியே நின்று, உச்சியில் குழி திறந்து கிடப்பது, பிறந்த ஓராண்டுக்குள் மூளை இருமடங்காய் வளர இடம் விடுவதற்காம். பத்துத் திங்கள் வயிற்றில் வளர்ந்தது போதாதென்று, வெளியே வந்தும் இத்தனை விரைந்து வளரும் உறுப்பு வேறொன்றில்லை என்கிறார்.

இளவரசர் பிறந்த பதினாறாம் நாள் தேவரீர் பூட்டிய பொற்பட்டத்தைத் திங்கள்தோறும் தந்தையின் கையே தளர்த்த வேண்டும். போர் பதினைந்தே நாளில் முடியும் என்று நம்பி, அதன் திறவுகோலைத் தேவரீர் அரைக்கச்சில் முடிந்து அனுப்பியவன் இவ்வமைச்சனே. இளவரசருக்கு இன்று ஐந்தாம் திங்கள் நடக்கிறது. பொன் தோலில் பதிந்துவிட்டது. உச்சிக்குழி புடைத்துத் துடிக்கிறது. குடித்த பால் தங்குவதில்லை. கண்மணிகள் கீழே சரிகின்றன. மூன்று நாளாக வலக்கை எதையும் பற்றவில்லை. வேம்பனார் தம் விரலைக் கொடுத்துக் கொடுத்துப் பார்க்கிறார்.

பெருந்தேவியார் சொன்னதை மெருகிடாமல் எழுதுகிறேன்: "வைத்தியரே, என் பிள்ளைக்குத் தலை வளருறது ஒரு குத்தமா?" என்று கேட்டார். வேம்பனார் வெளியே போய், மருந்தரைக்கும் கல்லருகே அமர்ந்து அழுதார்.

இவ்வோலை வந்து சேர ஒன்பது நாள். திறவுகோல் இங்கு வர மீண்டும் ஒன்பது நாள். வேம்பனார் சொல்லும் கெடு ஐந்து நாள்.

பட்டத் தலையில் இரும்பு பட்டால், பட வைத்த கை வெட்டப்படும் என்பது சட்டம். வேம்பனார் அதற்கும் ஒரு வழி பார்த்தார். தேவரீர் இலச்சினை பொறித்த ஓலையில் ஒரு நறுக்கைப் பொன்னுக்கும் தோலுக்கும் இடையே செருகிவிட்டால், அரம் இளவரசரைத் தொடாது, அரசரின் ஓலையைத்தானே தொடும் என்றார். தேவரீர் இலச்சினை பொறித்து எமக்கு விட்டுச்சென்ற வெற்றோலைதான் இது; இதோ, இவ்வோலையின் ஓரத்தையே நறுக்கினார். காலை முழுதும் முயன்றார். நறுக்கு நுழையவில்லை. ஓலை நுழைய இடமில்லாத தலைக்குள் மூளை எங்கே வளரும் என்று கேட்டார். அந்நறுக்கை இதனோடு கட்டியிருக்கிறோம்.

ஆதலால் நாளைக் காலை வேம்பனார் அரம் கொண்டு பட்டத்தை அறுப்பார். தலையை ஏந்திப் பிடிப்பவன் அமைச்சன். இழந்த வளர்ச்சி திரும்புமா என்று கேட்டதற்கு, ஓடு விரியும், மூளை தேறுவது தம் கையில் இல்லை என்று சொல்லிவிட்டார். இத்தனை நாள் சட்டத்துக்கு அஞ்சியதற்கு எங்களை நாங்களே மன்னிக்கவில்லை. முறைப்படி வெட்டப்பட வேண்டிய நான்கு கைகளும் தேவரீர் வரும்வரை இங்கேயே இருக்கும்.

மங்கலம் என்று முடிப்பது வழக்கம். அச்சொல்லுக்கு எழுத்தாணி எழவில்லை. கருங்கழிக் காவல் முத்திரை இட்டு, ஆணையிட உரிமையில்லாதவன் இவ்வொருமுறை இடும் ஆணை: விடையோலை வேண்டா. தேவரீரே வருக. வந்து இளவரசரிடம் விரல் நீட்டுங்கால், இடக்கைப் பக்கம் நீட்டுக.