படுத்த முள்ளும் உன் தண்ணி லாரியும்

ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்கிற தூரத்தில்தான் இருப்பாய் என்று நான் இன்னும் நம்புகிற என் அருமை மாமாவுக்கு,

உன் தண்ணி லாரி ஒரு நாள் நின்றுபோச்சு மாமா. திருநின்றவூர் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில், டேங்கில் சொட்டுத் தண்ணி இல்லாமல். நீ போன பிறகு அக்காதான் ஓட்டினாள். நீ சண்டை போட்டு எடுக்க வைத்த ஹெவி லைசென்ஸ்தான் இப்போது அவளுக்குச் சோறு போடுகிறது. அதுவும் அன்று நின்றுபோகப் பார்த்தது.

அன்று காலையில் வண்டியைக் கிளப்பியதும் ஆயில் பிரஷர் முள் பூஜ்யத்திலேயே படுத்துக்கொண்டது. எழவே இல்லை. அக்கா உடனே அணைத்துவிட்டாள். ஆயில் ஏறாமல் ஓடினால் இஞ்சின் உள்ளே உரசிப் பிடித்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சத்தம் நன்றாகத்தானே இருந்தது? பொய் சொல்வது முள்ளா, என் காதா?

குமணன்சாவடியிலிருந்து பழைய வண்டி வாங்கும் புரோக்கர் வந்தார். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.

“இஞ்சின் பூட்சிம்மா. முள்ளு படுத்துகினா அவ்ளோதான். இரும்பு வெலைக்குத்தான் போவும். சாயந்தரம் வரேன், சாவிய ரெடியா வெச்சிரு.”

அவர் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினாள். “இன்னாடா, எந்நேரமும் போன்ல லாரியாவே பாத்துகினு கீறியே, நீ சொல்லு. குடுத்துடவா, வேணாவா?”

யோசித்துப் பார் மாமா. ஹாரனைக் கேட்டே எந்த மாடல் என்று சொல்வேன், கமெண்டில் ஊரோடு சண்டை போடுவேன். ஸ்பானர் பிடித்ததில்லை! ஓட்டு என்று நான் சொல்லி, தண்ணி நிரப்பிய வண்டி பூந்தமல்லி ஹைரோட்டில் அக்காவோடு இறுகி நின்றுவிட்டால்? கொடுத்துவிடு என்று சொல்லி, அது நல்ல இஞ்சினாக இருந்தால்? ஒரு வீடியோ பம்ப் போச்சு என்றது. இன்னொன்று பேரிங் தேய்ந்துபோச்சு என்றது. மூன்றாவது ஆள் கடைசிவரை ஒன்றுமே சொல்லாமல் லைக் மட்டும் கேட்டான்.

முதலில் ஆயில் அளவு பார்த்தேன். சரியாக இருந்தது. இஞ்சினில் திருகியிருக்கும் சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றி, சாவியை மட்டும் போட்டு, ஒயர் நுனியை ஒரு கணம் இஞ்சின் இரும்பில் தொடவைத்தேன். முள் விருட்டென்று கடைசிவரை ஓடியது. அப்படியானால் மீட்டரும் ஒயரும் உயிரோடுதான் இருக்கின்றன. பிறகு சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் ஆவடி மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிய, பிரஷரை நேரடியாகக் காட்டும் டெஸ்ட் மீட்டரை மாட்டி, இஞ்சினைக் கிளப்பச் சொன்னேன். பிரஷர் ஜம்மென்று ஏறியது. துள்ளியதில் பானெட்டில் தலையை இடித்துக்கொண்டேன்.

“பம்ப்பு சூப்பரா கீதுக்கா! சென்சார்தான் அவுட்டு!”

“அப்ப மாத்துடா, இன்னா ஆடிகினு கீற?”

புது சென்சார் வாங்கி வந்தேன். நான் கை கழுவி வருவதற்குள் அக்காவே அதைத் தயார் செய்து நீட்டினாள். மாட்டினேன். கிளப்பினாள். முள் படுத்தே கிடந்தது மாமா.

மீட்டர் நல்லது, ஒயர் நல்லது, பிரஷர் நல்லது, சென்சார் புத்தம் புதுசு. பிறகு ஏன் பூஜ்யம்? உன்னிடம் கேட்கலாம் என்று போனைக்கூட எடுத்துவிட்டேன். அக்கா சீட்டுக்குப் பின்னால் கிடந்த உன் துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. சென்சார் இஞ்சினோடு சேரவே இல்லையோ என்று கிறுக்குத்தனமாக ஒரு நினைப்பு. ஒரு துண்டு ஒயரின் ஒரு முனையை இஞ்சின் இரும்பிலும் மறுமுனையைச் சென்சாரின் உடம்பிலும் வைத்து அழுத்தினேன்.

“டேய்! ஏறுதுடா!”

எடுத்தேன். “படுத்துகிச்சு!”

மறுபடி வைத்தேன். “ஏறுது! அங்க இன்னாடா மந்திரம் பண்ணிகினு கீற?”

வண்டியை அணைக்கச் சொல்லிக் கழற்றிப் பார்த்தேன். சென்சாரின் திருகு மரை தெரியாத அளவுக்கு வெள்ளை டெஃப்லான் டேப், வேட்டி கட்டின மாதிரி. குழாய் ஒழுகாமல் இருக்கச் சுற்றுவோமே, அதே டேப். சென்சாரின் கரண்ட் அந்த மரை வழியாகத்தான் இஞ்சினுக்கு எர்த் ஆக வேண்டும். டேப் அதை மறித்துவிட்டது.

“யாருக்கா இத சுத்துனது?”

“நான்தான்டா. பழசுல நேத்து லேசா ஆயில் கசிஞ்சுது. வால்வுக்கெல்லாம் சுத்தறோம்ல, அதே மாதிரி இறுக்கி சுத்தினேன். புதுசுக்கும் சுத்திக் குட்தேன். ஒழுவுற வண்டின்னா அவருக்கு ஆவாதேடா.”

சிரிப்பதா அழுவதா? பழைய சென்சாரிலும் அந்த டேப்பை நான் பார்த்தேன் மாமா. தண்ணி லாரியில் டேப் சுற்றாத மரை எது என்று விட்டுவிட்டேன். இதை நம்ம லாரி ரசிகர் குழுவில் எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுது. தண்ணி லாரிக்காரங்க அத்தினி பேரும் இதத்தான் பண்ணுவாங்க,” என்றாள்.

டேப்பை உரித்து, செம்பு வாஷர் போட்டு மாட்டினோம். முள் எழுந்தது. புரோக்கர் வந்தபோது அக்கா வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. “லோடுக்குப் போவுது அண்ணாத்தே, கொஞ்சம் ஒதுங்கிக்கோ,” என்றாள்.

பாரிவாக்கம் அடுக்குமாடிக்கு நானும் கூடப் போனேன். ஹோஸ் வழியே தண்ணி இறங்கிக்கொண்டிருந்தது. இஞ்சின் ஓடியது. அக்கா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தினேசு, ஆஸ்பத்திரில அவரு மெஷின்ல கோடு படுத்துச்சே. அப்ப யாராச்சும் ஒயர தொட்டுப் பாத்தாங்களாடா?”

“பாத்தாங்கக்கா,” என்றேன்.

டாக்டர் உன் கழுத்தில் விரல் வைத்ததைக் கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். பார்த்தேன்தானே மாமா? இல்லை, பார்த்ததாக இப்போது நினைத்துக்கொள்கிறேனா? எவ்வளவு யோசித்தும் தெளியவில்லை.

அக்கா மறுபடியும் கேட்பாள். எத்தனை முறை கேட்டாலும், பார்த்தார்கள் என்றே சொல்வேன். முதல்முறை சொல்வது போலவே சொல்வேன். இது சத்தியம் மாமா.

அக்காவுக்குப் பக்கத்து சீட்டிலிருந்து,
உன் மச்சான் தினேஷ்