நீ நிறுத்திய பக்கம்

அன்புள்ள ஒலாவி,

நான் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? சவுனா நீராவிக் குளியலுக்கு விறகு பிளக்க மகனைக் கூப்பிடு, வீம்பு பண்ணாதே.

இங்கே நார்வேயில், ட்ரோம்சோ ஆஸ்பத்திரியில் வேலைக்குப் பஞ்சமில்லை. நேற்று ஒரு கூத்து. நம் ஊர் கயானி நூலக அட்டையில் நீ எடுத்த துப்பறியும் மின்புத்தகத்தை பஸ்ஸில் செல்போனில் படித்துக்கொண்டிருந்தேன். கொலைகாரன் கதவைத் தட்டுகிற நேரம் பார்த்து, புத்தகமே காணாமல் போய்விட்டது! உடனே நூலகத்துக்குப் போன் போட்டேன். அங்கே வேலை பார்க்கிற நம் மார்யட்டா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உன் வீட்டுக்காரர்தான் திருப்பிக் குடுத்துட்டாரு ஹெல்வி! கொட்டுற பனியில டேப்லெட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நேர்லயே வந்தாரு. இன்னும் நாள் இருக்கேன்னு சொன்னேன். 'அடுத்த ஆளு காத்துக்கிட்டு இருப்பாங்க, பாவம்'னாரு."

அடுத்த ஆள் நான்தான், மடையா!

நம் இருவருக்கும் ஒரே அட்டை என்பதால், நீ நிறுத்திய பக்கத்தில்தான் எனக்குப் புத்தகம் திறக்கும். என் இடத்தைத் தேடிப் பின்னால் போகுமுன் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுவேன். இங்கேதான் கண்ணாடியைக் கழற்றியிருப்பாய் என்று நினைத்துக்கொள்வேன். அதனால் கொலைகாரன் யாரென்று எனக்கு எப்போதோ தெரியும்.

கம்பளிக் காலுறையும் ரை தானிய ரொட்டியும் அனுப்பு. இன்னொரு புத்தகம் எடு, பெரிதாக. முடித்துவிட்டாலும் திருப்பிக் கொடுக்காதே. தினமும் திறந்து இரண்டு பக்கமாவது தள்ளி வை. நீ எழுந்து நடமாடுகிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பஸ் வந்துவிட்டது.

உன் ஹெல்வி